நற்பிறப்புக் கடிதம்

அக்கா என்னை முதன்முதல் கண்ட அன்று, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். நகரசபை நீச்சல் குளத்தில் நுழைவுச்சீட்டுக் கொடுப்பதும் உடுப்பு மாற்றும் அறைகளைத் துடைப்பதும் என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்ப உனக்கு இந்த நகரத்திலை மரியாதை இல்லை, பிள்ளை" என்றார்.

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் பரிமாறிக்கொண்டிருந்த நேரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத மனுசி, வந்து மூன்றாவது நிமிடத்தில் இப்படிக் கதைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? நானோ வாய்க்காரி, என் மனுசனே ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற விஷயம் அது. "என்ன சொல்லுறியள்?" என்று குரலை உயர்த்தினேன்.

அவர் ரோல்ஸை ஆறுதலாகக் கடித்தார். "கோபிக்காதை. நான் சொல்லுறது அறுநூறு வருஷத்துக்கு முந்தின கதை. தச்சருக்கு ஒரு சங்கம், கொல்லருக்கு ஒரு சங்கம், தையல்காரருக்கு ஒரு சங்கம் எண்டு இருந்த காலம். குளிப்பு மடம் நடத்திற ஆக்களை ஒரு சங்கத்திலையும் சேர்க்க மாட்டினம். அவையின்ர பிள்ளையளைத் தொழில் பழகவும் விடமாட்டினம். ஆனா சனிக்கிழமையில எல்லாரும் குளிக்க மட்டும் அங்கதான் போவினம்."

கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் வயது இருக்கும், ஆனாலும் எல்லாருக்கும் அவர் அக்காதான். அன்றிலிருந்து பல வருடம் அவரோடு பழகினேன். இப்போது அவர் ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி.

நாங்கள் இருந்தது ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன நகரம். பழைய மதில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். மரச்சட்டங்கள் வெளியே தெரியும் வீடுகள், ஆற்றங்கரையில் தோல் பதனிட்டவர்களின் தெரு, சந்தைச் சதுக்கம், நகர மண்டபம் எல்லாம் அந்த மதிலுக்குள்தான். கிழக்கு வாசல் கோபுரத்துக்குள் நகரத்தின் அருங்காட்சியகம் இருந்தது. அக்கா அங்கே துப்புரவு வேலை செய்தார்.

ஆனால் வெறும் துப்புரவுக்காரி என்று அவரைச் சொன்னால் அது பொய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றிக் காட்டுகிற ஓய்வுபெற்ற வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கீழே ஒரு பேருந்து நிறைய முதியவர்கள் காத்து நிற்கிறார்கள். அருங்காட்சியகப் பொறுப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அக்கா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, "நான் சொல்லுறன்" என்று முன்னுக்குப் போனார். மூன்று வருடமாகத் துடைத்துக்கொண்டே கேட்ட கதை முழுவதையும் ஒன்றரை மணித்தியாலம் சொல்லி முடித்தார். அவருடைய ஜெர்மன் இலக்கணத்தைக் கேட்டால் என் மகளுக்குக் காது வலிக்கும். ஆனால் அந்த முதியவர்கள் எழும்பி நின்று கை தட்டினார்களாம்.

அதன் பிறகு, மொழி வகுப்புக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களைச் சுற்றிக் காட்டும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். நான் இரண்டு முறை பின்னால் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன். துருக்கிப் பெண்களும் ரஷ்யாவிலிருந்து வந்தவர்களும் வாய் திறந்து கேட்பார்கள். மதிலுக்குள் இருந்தவர் எல்லாரும் நகரத்தார் இல்லை, அதற்குத் தனி உரிமை வாங்க வேண்டும் என்பார். "அப்பவும் அன்ட்ராக்தான்! அப்பவும் காத்துக்கொண்டு நிக்கிறதுதான்!" என்பார். விண்ணப்பப் படிவத்துக்கு இங்கே எல்லாரும் சொல்கிற அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கூட்டம் முழுவதும் சிரிக்கும். யார் வெல்வெட் உடுக்கலாம், யார் முத்துப் போடலாம், சட்டைக்கு எத்தனை மடிப்பு வைக்கலாம் என்று நகரசபை சட்டம் போட்ட கதையும், மடிப்பு ஒன்று கூடிப்போனதற்குத் தண்டம் கட்டின பெண்களின் கதையும் வரும்.

நகரத்தைப் பற்றி அறிந்தது அவருக்குப் போதாமல் போய்விட்டது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரையும் பிடித்து அந்தப் பழைய நகரத்துக்குள் குடியேற்றத் தொடங்கினார். அதுதான் அவருடைய பழக்கம், பைத்தியம், பொழுதுபோக்கு எல்லாம்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் அண்ணை, தன் பரம்பரையை நாலு தலைமுறைக்குச் சொல்லக்கூடியவர், பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அவரிடம் அக்கா, "அண்ணை, பாண் நிறை குறைஞ்சால் உங்களைக் கூட்டுக்குள்ள வைச்சு ஆத்திலை முக்கி எடுத்திருப்பினம். சனம் கரையில நிண்டு பாத்துச் சிரிச்சிருக்கும்" என்றார். தலைவர் அண்ணை இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பாதிரியாரிடம், "சுவாமி, உங்களுக்கு வரியே இல்லை, குடுத்துவைச்சவர்" என்றார். லொறி ஓட்டுகிற என் மனுசனுக்கு வாசலில் சுங்கம் கட்டாமல் உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

என்னோடு இருந்த என் தம்பி கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தான். அவனைப் பார்த்து, "நீ கொல்லர் சங்கத்திலை இருப்பாய், நல்ல இடம். ஆனா தொழிலுக்குத் தலைவனாகிற வரைக்கும் கலியாணம் கட்ட ஏலாது" என்றார். தம்பியின் முகம் காது வரைக்கும் சிவந்தது. ஓகோ, ஏதோ இருக்குது என்று நான் பிடித்ததே அன்றைக்குத்தான்.

எல்லாருக்கும் இடம் ஒதுக்கிய இந்த அக்கா, தன் இடத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி "ஊரிலை எவடம்?" என்பதுதான். அது ஏதோ இடம் அறிகிற கேள்வி என்று வெளியார் நினைப்பார்கள். எங்களுக்குத் தெரியும். ஊரின் பெயர், ஊருக்குள் எந்தக் குறிச்சி, எந்தக் கோயில், தகப்பன் என்ன தொழில் என்று நாலு படி இறங்கினால், அந்த ஆள் என்ன சாதி என்று வாய் திறந்து கேட்காமலே தெரிந்துவிடும். கேட்டவருக்கும் நிம்மதி, பழகலாமா விடலாமா என்ற கணக்கு முடிந்துவிடும்.

அக்காவிடம் "எவடம்?" என்று கேட்டால், "கிழக்கு வாசல், மூண்டாம் மாடி" என்பார். "இல்லையக்கா, ஊரிலை?" என்றால், "முந்தி டோர்ட்மண்ட். பத்து வருஷம் இருந்தனான்" என்பார். எந்தப் பள்ளிக்கூடம் என்றால், "சண்டைக்கை பள்ளிக்கூடமெல்லாம் இடிஞ்சு போச்சுதடி" என்பார். எந்தத் திருநாளுக்குப் போவீர்கள் என்றால், "திருநாள் எண்டால் எல்லாத்துக்கும்தான்" என்பார்.

நான் சும்மா விடுகிற ஆளா? பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி. என்ன போடுகிறார்கள் என்பதை வைத்தே ஊரைப் பிடிக்கலாம் என்பது என் துணிபு. ஒருநாள் என் வீட்டுக்குக் கூப்பிட்டு, "அக்கா, உங்கட கையால ஒருக்கா கூழ் காய்ச்சுங்கோ" என்றேன். மனுசி நண்டு, றால், திருக்கை, பயித்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை என்று கிடைத்த அத்தனையையும் போட்டுக் காய்ச்சினார். ஆறு ஊர்க் கூழ் ஒரு பானைக்குள். குடித்துவிட்டு நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகும் கேட்பதை நிறுத்தவில்லை, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்த கோடை அது. கார்களிலெல்லாம் கொடி கட்டியிருந்தார்கள். தம்பி மெல்ல என்னிடம் வந்து, டோர்ட்மண்டில் ஒரு பெட்டையை விரும்புவதாகச் சொன்னான். அங்கே நடந்த கலைவிழாவில் சந்தித்ததாம். இரண்டு வருடமாகப் போகிறதாம். கட்டினால் அவளைத்தான், இல்லாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான், சின்ன வயதிலிருந்தே அப்படி.

அம்மா யாழ்ப்பாணத்தில். அங்கே நிலைமை மறுபடி கெட்டுக்கொண்டு வந்த நேரம். ஆனாலும் தொலைபேசியில் அம்மாவின் கவலை முழுவதும் டோர்ட்மண்டைப் பற்றித்தான். "ஆற்ற ஆக்களெண்டு தெரியாமல் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். நீதான் மூத்தவள். வடிவா விசாரிச்சுச் சொல்லு. உன்ர சொல்லிலதான் இருக்கு" என்றார்.

தம்பியின் கலியாணம் என் தலையில் வந்து இறங்கிவிட்டது. யாரிடம் விசாரிப்பது என்று நான் யோசிக்கவே தேவையில்லை. பத்து வருடம் டோர்ட்மண்டில் இருந்த அக்கா இருக்கிறாரே! பெட்டையின் குடும்பம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. மீன் கட்லட் பொரித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை காலை கிழக்கு வாசலுக்குப் போனேன். திங்களில் அருங்காட்சியகத்துக்குப் பார்வையாளர் இல்லை, அக்கா தனியே துடைத்துக்கொண்டிருப்பார்.

"கட்லட்டோட வாறாய் எண்டால் ஏதோ கேக்க வாறாய்" என்றார் அக்கா. டப்பாவை வாங்கி யன்னலில் வைத்துவிட்டு, என் கையில் வாளியைத் தந்தார். "இதைத் தூக்கிக்கொண்டு வா, மேல போவம்."

இரண்டாம் மாடியில் ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. கொல்லர் சங்கத்தின் பெட்டியாம். அக்கா கயிற்றைத் தாண்டிப் போய் அதன் மூடியைத் தூக்கி நிறுத்தினார். "சங்கம் கூடினால் முதல்ல இதைத்தான் திறப்பினம். மூடி திறந்திருக்கிற நேரம் ஆரும் கத்தி வைச்சிருக்கக்கூடாது, தூஷணம் கதைக்கக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. சொன்னால் தண்டம்" என்றார்.

பெட்டிக்குள்ளிருந்து, பார்வையாளருக்குக் காட்டுவதற்காகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த ஒரு கடிதத்தின் பிரதியை எடுத்தார். "இதை நான் உனக்கு ஒருநாளும் காட்டேல்லை. நற்பிறப்புக் கடிதம். ஒரு பெடியன் வேற ஊரிலிருந்து வந்து தொழில் பழகவேணுமெண்டால், கலியாணம் கட்டி இஞ்ச இருக்கவேணுமெண்டால், இதைக் கொண்டு வரவேணும். பிறந்த ஊரிலை அவன்ர ஆக்களைத் தெரிஞ்சவை சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிறது" என்று சொல்லி, தமிழில் மாற்றி மாற்றி வாசிக்கத் தொடங்கினார்.

"இவன் முறையான கலியாணத்திலை பிறந்தவன். தாய் நல்லவள், தகப்பன் நல்லவன். தாயின்ர தாய்தகப்பனும் நல்லவை, தகப்பன்ர தாய்தகப்பனும் நல்லவை. ஆருக்கும் அடிமை இல்லை. குளிப்பு மடத்துக்காரன் இல்லை..."

"அது நான்" என்று சிரித்தேன்.

"ஓம், அது நீ. நாவிதன் இல்லை. ஆட்டிடையன் இல்லை. மா அரைக்கிறவன் இல்லை. குழல் ஊதுறவன் இல்லை. செத்த மாடு இழுக்கிறவன் இல்லை. தூக்குப் போடுறவன் இல்லை."

பட்டியல் நீள நீள என் சிரிப்பு குறைந்துகொண்டு போனது. நான் சிரித்துக்கொண்டு கேட்கிற பட்டியலில் பாதி, எங்கள் ஊரில் குரலைத் தாழ்த்திச் சொல்கிற பட்டியல்தான். அக்கா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, இப்ப நீ கேக்க வந்ததைக் கேள்" என்றார்.

கேட்காமல் எழும்பி வந்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி அப்போது வரவில்லை. தம்பியின் விஷயத்தைச் சொன்னேன். பெட்டையின் தாய்தகப்பனின் பெயரைச் சொன்னேன். "உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களெல்லோ?" என்றேன்.

"நல்லாத் தெரியும். நல்ல சனம். தாய்க்குக் கொஞ்சம் வாய் நீளம், உன்னை மாதிரி."

"அதில்லையக்கா. அவை ஊரிலை எவடம்? என்ன ஆக்கள்? அம்மா கேக்கச் சொன்னவ."

அக்கா பெட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்தார். "போன கிழமை அவவும் எனக்குப் போன் எடுத்தவ" என்றார்.

"ஆர்?"

"பெட்டையின்ர தாய். உங்களைப் பற்றி விசாரிக்க."

யேசுவே! கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். பெட்டை வீட்டார் எங்களை விசாரிப்பார்கள் என்று எனக்கு ஒரு தரமாவது தோன்றவில்லை பாருங்கள். விசாரிக்கிறது நாங்கள், விசாரிக்கப்படுகிறது அவர்கள் என்று நானாகவே முடிவு செய்துவைத்திருந்தேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பிறந்தது கடற்கரைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அம்மாவின் தகப்பன் வேறு ஆட்கள், வேறு சாதி. அம்மாவின் தாய் அண்ணன்மாரை எதிர்த்து அவரைக் கட்டியவர். கலியாணத்துக்கு அண்ணன்மார் ஒருவரும் கோயிலுக்கு வரவில்லை. அம்மா வேறு ஊரில் கலியாணம் கட்டி வந்தபோது அந்தக் கதையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அம்மாவின் ஊர்ப் பெயர் எல்லாருக்கும் தெரியும், உள் விஷயம் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஊர் ஆட்கள் ஜெர்மனியில் ஒருவரும் இல்லை என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஊரின் பெயரை நான் இங்கேயும் எழுதப்போவதில்லை.

"நீங்கள் என்ன சொன்னியள்?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொன்னன்."

"அது சரிதானே, உங்களுக்குத் தெரியாதுதானே" என்றேன், மூச்சு விட்டபடி.

அக்கா நிமிர்ந்து நின்ற மூடியைக் காட்டினார். "இது திறந்து கிடக்கு. பொய் சொல்ல ஏலாது. உன்ர வீட்டுச் சுவரிலை உன்ர அம்மம்மாவின்ர பழைய கலியாணப் படம் தொங்குது. பொம்பிளையும் மாப்பிளையும் மட்டும், சுத்தி ஒரு சொந்தக்காரரும் இல்லாத படம். முதல் நாள் வந்து பாத்த உடனையே தெரியும். எங்கட வீடு அவையின்ர வளவுக்குப் பக்கத்து வளவு. உன்ர அம்மாவும் நானும் ஒண்டாப் பாண்டி விளையாடினனாங்கள்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயமா, வெட்கமா, கோபமா என்று அப்போது தெரியவில்லை, மூன்றும்தான். "நாலு வருஷம்! எத்தனை தரம் உங்கட ஊரைக் கேட்டிருப்பன்? கூழ் கூடக் காய்ச்சுவிச்சனே! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"அடி விசரி" என்றார் அக்கா, மிக மெல்லிய குரலில். "நான் இன்ன ஊரெண்டு சொன்னால் அந்த மண்டபத்திலை அடுத்த கேள்வி என்ன வரும்? 'அப்ப இவளின்ர தாயின்ர ஆக்களைத் தெரிஞ்சிருக்குமே, அவை எப்பிடி?' எண்டுதானே கேப்பினம்? நான் என்ர ஊரைச் சொல்லுறதும் உன்ர கதையைச் சொல்லுறதும் ஒண்டுதான். வந்த புதிசிலை எனக்கு ஊர் சொல்ல விருப்பமில்லை, அது என்ர குணம். உன்ர வீட்டுப் படத்தைப் பாத்த பிறகு, சொல்லவே ஏலாதெண்டு ஆச்சு."

ஒவ்வொரு ஞாயிறும் அவரைச் சுற்றி நின்று "எவடம், எவடம்" என்று குடைந்த கூட்டத்துக்கு நான்தான் தலைவி. நான் தோண்டிக்கொண்டிருந்தது என் காலடியையேதான். அதை மறைத்துப் பிடித்தபடி இந்த மனுசி பகிடி விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அழுதேன். அக்கா துடைக்கிற துணியையே நீட்டினார். அதில் எலுமிச்சை மணம் அடித்தது.

"டோர்ட்மண்ட் ஆக்களைப் பற்றியும் எனக்கு எல்லாம் தெரியும்" என்றார் கொஞ்சம் பொறுத்து. "மூடி இன்னும் திறந்துதான் கிடக்கு. கேட்டால் உண்மைதான் சொல்லுவன். கேக்கிறியோ?"

கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து பழகிய நாக்கு, அசையத்தான் பார்த்தது. "வேண்டாமக்கா" என்றேன். "மூடுங்கோ."

அக்கா மூடியைச் சாத்தினார். "அப்ப வா, கட்லட் ஆறப்போகுது" என்றார். யன்னலோரம் நின்று இரண்டு பேருமாக ஏழு கட்லட் சாப்பிட்டோம். உப்புக் கூடிப்போச்சு என்று குறை சொன்னார். கீழே சதுக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தக் காலைநேரம்.

அன்று பின்னேரமே தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி அம்மாவுக்கு எடுத்தேன். "விசாரிச்சியோ?" என்றார் அம்மா.

"ஓம். நல்ல சனமாம்."

"எவடமாம்?"

"அதைக் கேக்கேல்லை, அம்மா. கேக்கவும் மாட்டன்."

அம்மா கத்துவார் என்று காதைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். அம்மா கத்தவில்லை. அட்டையின் நிமிடங்கள்தான் போய்க்கொண்டிருந்தன. பிறகு, எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில், "அவை எங்களைப் பற்றி விசாரிக்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார்.

அந்தக் குரலில்தான் விளங்கியது. அம்மா இத்தனை வருடமும் யார் வீட்டையும் துருவித் துருவிக் கேட்டது, தன்னைக் கேட்க நேரம் விடாமல் இருக்கத்தான்.

"விசாரிச்சவையாம்" என்றேன். "இஞ்ச இருக்கிற ஒரு அக்காட்ட."

"அந்த மனுசி என்ன சொன்னவ?"

"தனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொன்னவ."

அம்மா விட்ட மூச்சு யாழ்ப்பாணத்திலிருந்து அப்படியே என் காதில் பட்டது. "அந்த மனுசி எவடம்?" என்றார்.

"தெரியாது, அம்மா."

"சரி" என்றார் அம்மா. பிறகு, "கலியாணத்துக்கு அவவுக்கும் சொல்லு. முன் வரிசையில இருத்து" என்றார்.